டீச்சோறும் முழுக்கைச் சட்டையும்

அத்தியாயம் 11

"சட்டைய மாத்துய்யான்னு எத்தினி வாட்டி சொல்றது? அரைக்கை வேணாம். முழுக்கை போடு."

ஞாயிற்றுக்கிழமை காலை. மண்ணூர்பேட்டையில் அந்தச் சந்து முழுக்கக் கறிக்குழம்பு வாசனை. சொர்ணத்தின் வீட்டில் மட்டும் கேசரி வாசனை. வருகிறவர்கள் எதைத் தின்பார்கள், எதைத் தின்னமாட்டார்கள் என்று தெரியாது. அதனால் கறியே எடுக்கவில்லை.

"இந்த வெயில்ல முழுக்கையா?" பனியனோடு நின்ற வேம்புலி கேட்டார். "நான் இன்னா ஆபீசரா? ஃபோர்க்லிஃப்ட் ஓட்றவன்மே."

"சம்பந்தி ஆவப் போறவங்க வராங்க. மரியாதையா கீறதுல ஒனக்கு இன்னா நஷ்டம்?"

மரியாதை என்ற சொல் வேம்புலிக்குப் பிடித்துவிட்டது. பொங்கலுக்கு எடுத்து அட்டைப் பெட்டியோடு பத்திரப்படுத்தியிருந்த வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கண்ணாடி முன்னால் நின்று இரண்டு முறை தலை வாரினார். சொர்ணம் கிட்டப் போய் மணிக்கட்டுப் பொத்தானைத் தானே போட்டுவிட்டாள். இரண்டு கையிலும் போட்டுவிட்டு, சரியாக நிற்கிறதா என்று இழுத்தும் பார்த்தாள்.

பெண்டாட்டிக்கு இன்றைக்கு நம் மேல் என்ன கரிசனம் என்று மனுஷன் பூரித்துப் போனார். பாவம்.

அவருடைய வலது முன்னங்கையில் பச்சை குத்தியிருந்தது. கல்யாணமான வருஷம் ஆடித் திருவிழாவில், வலிக்க வலிக்கச் சிரித்துக்கொண்டே குத்திக்கொண்டது. 'சொர்ணம்' என்று அவள் பெயர். வயசாக ஆக எழுத்தெல்லாம் கொஞ்சம் ஊறிப் பரவியிருந்தாலும் படிக்க முடியும். படிக்க முடிவதுதான் இப்போது சொர்ணத்துக்குப் பிரச்சினை. அந்தப் பெயரை இன்றைக்கு ஒரு நாள் மறைத்தாக வேண்டும்.

ஏன் என்று தொடர்ந்து படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம். இந்த வாரம்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

சிம்ரன் இவர்களுக்கு ஒரே மகள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். அதே கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற விஷ்ணுவும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். விஷ்ணு வீட்டார் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள், வெள்ளானூரில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறியவர்கள். அப்பா சுப்பராயன் பேங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கமலம். கெஞ்சி, பட்டினி கிடந்து, "சரி, வந்து பார்க்கிறோம்" என்ற வரைக்கும் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான் பையன்.

இதற்கு நடுவில்தான் அந்த வீடியோ.

ஞாயிற்றுக்கிழமையானால் சிம்ரனுக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். வீட்டில் இருப்பதை எல்லாம் எடக்குமடக்காகக் கலந்து, தின்று பார்த்து, அதைப் போனில் பிடித்து 'எங்கூட்டு காம்போ' என்று போடுவாள். வெண்பொங்கலுக்கு மாம்பழ ஜாம். ரசத்தில் ஊறவைத்த பிஸ்கட். தர்பூசணி மேல் கருவாட்டுப் பொடி. தின்று மார்க் போடுகிற உத்தியோகம் வேம்புலிக்கு. "மூஞ்சிய மட்டும் காட்டாத பாப்பா, கூச்சமா கீது" என்பார். அதனால் வீடியோவில் அவர் கைதான் வரும். பிசையும், எடுக்கும், கடைசியில் பிடித்திருந்தால் கட்டை விரலைத் தூக்கும். கருவாட்டுப் பொடிக்கு மட்டும்தான் அந்த விரல் இதுவரை கீழே இறங்கியிருக்கிறது.

போன மாதம் 'டீச்சோறு' போட்டாள். சுடுசோற்றில் பால் டீயை ஊற்றிப் பிசைந்து, காராசேவைக் கடித்துக்கொண்டு தின்பது. வேம்புலிக்கு உயிர். வாரத்தில் ஆறு நாள் என்ன குழம்பு வைத்தாலும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிப் பிடி சோறு அவருக்கு டீயோடுதான்.

மற்ற வீடியோக்களை அக்கம்பக்கத்தார் பார்த்தாலே பெரிசு. இதை ஊர் உலகமே பார்த்தது. பார்த்துவிட்டுச் சும்மாவா போனார்கள்? 'நாய்கூட மோந்து பாக்காது' என்று ஒருத்தன். 'பச்சை குத்துன கையைப் பாரு, ஆளு எப்படின்னு தெரியுது' என்று இன்னொருத்தி. 'சோத்துக்குக் குழம்பு வைக்க வக்கில்லையா?' என்று ஒரு மகராசன்.

வேம்புலி அதையெல்லாம் படிக்கவில்லை. "எத்தினி பேரு பாத்துக்கிறாங்க பாத்தியா!" என்று கம்பெனி கேட்டில் நிற்கிற செக்யூரிட்டி வரைக்கும் காட்டி மகிழ்ந்தார். சொர்ணம் ஒன்று விடாமல் படித்தாள். அவள் வேலை பார்க்கிற ரெடிமேட் சட்டை எக்ஸ்போர்ட் கம்பெனியில், செக்கிங் டேபிளுக்கு எதிர்ப்பக்கம் உட்காரும் எழிலரசி, "இன்னா சொர்ணம், இன்னிக்கும் டீச்சோறுதானா?" என்று கேட்டாள். மொத்த டேபிளும் சிரித்தது. அன்று சொர்ணம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்து வந்தாள். உள்ளே இருந்தது என்னவோ நல்ல எலுமிச்சை சாதம்தான். ஆனாலும் திறக்கக் கை வரவில்லை.

கமலமும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டாள், பார்த்துவிட்டு வாயே திறக்கவில்லை என்று விஷ்ணு சொல்லி அனுப்பியிருந்தான். அதிலிருந்து சொர்ணத்துக்குத் தூக்கம் இல்லை. அதனால்தான் இந்த முழுக்கைச் சட்டை.

"இன்னொண்ணுய்யா. அவங்க முன்னால கீது, கீறேன்னு பேசாத. இருக்கு, இருக்கேன்னு பேசு."

"இருக்கு..." சொல்லிப் பார்த்தார் வேம்புலி. "வாயில நிக்க மாட்டுதுமே."

"நிக்கலன்னா பேசாத."

"ஏம்மா நைனாவ இப்டிப் போட்டு வறுக்கிற?" என்றாள் சிம்ரன், தலையில் பூ வைத்துக்கொண்டே.

"நீ பேசாத. எல்லாம் ஒன்னால வந்த வென."

சிம்ரனுக்குச் சுருக்கென்றது. "அந்த வீடியோவ அழிச்சிடறேன்னு அன்னிக்கே சொன்னேன். நைனாதான் இருக்கட்டும்னுச்சி" என்று முனகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சொர்ணம் கேசரியில் நெய் விட்டுக்கொண்டிருந்தபோது சமையற்கட்டு வாசலில் தலை நீட்டினார் வேம்புலி.

"இன்னிக்கு நம்ம அயிட்டம் கீதா?"

"யோவ்! இன்னிக்கு ஒரு நாளு சும்மா கீறியா?"

"அவங்க போனப்பறம் துன்னுக்கிறேன். ஃப்ளாஸ்க்ல டீய ஊத்தி வை. இன்னா?" கண்ணடித்துவிட்டு நகர்ந்தார்.

கோபத்திலும் சொர்ணத்துக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கண்ணடிப்பு எங்கே ஆரம்பித்தது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். மகளுக்குக்கூடத் தெரியாது.

கல்யாணமாகி வந்த முதல் வாரம். சாயங்காலத்திலேயே கரண்ட் போய்விட்டது. மாமியார், நாத்தனார் நாகவல்லி, இவர், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறுவது புதுப்பெண். ஒரே மாதிரி இரண்டு தூக்குச் சட்டி. ஒன்றில் ரசம், இன்னொன்றில் மாமனாருக்காகப் போட்டு வைத்த டீ. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சொர்ணம் புருஷன் தட்டில் ரசம் என்று நினைத்து டீயை ஊற்றிவிட்டாள்.

ஊற்றின பிறகுதான் ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. மாமியார் வாய் சாதாரண வாய் இல்லை. நாகவல்லி அதற்கு மேலே.

வேம்புலி பிசைந்தார். ஒரு வாய் வைத்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ரசம் எப்டிடா கீது?" என்று கேட்டாள் மாமியார்.

"சூப்பரா கீதும்மா. இன்னும் ஊத்து" என்று தட்டை நீட்டினார். சட்டியில் இருந்த கடைசிச் சொட்டு வரைக்கும் வாங்கிப் பிசைந்து தின்று, "ரசம் தீந்து போச்சி, நீங்கல்லாம் மோரு ஊத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். போகிற போக்கில் இருட்டில் ஒரு கண்ணடிப்பு. மாமனார் டீயைக் கேட்டபோது பூனை தட்டிவிட்டது என்று பழியைப் பூனை மேல் போட்டதும் அவர்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "சொர்ணம், அந்த ரசம் கீதா?" என்று ரகசியமாகக் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். கிண்டல் பழக்கமாகி, பழக்கம் ருசியாகிவிட்டது.

இவ்வளவும் தெரிந்த சொர்ணம்தான் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சந்து முனையில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

சந்து குறுகல் என்பதால் காரை முனையிலேயே நிறுத்திவிட்டு மூன்று பேரும் நடந்து வந்தார்கள். முன்னால் விஷ்ணு, வேர்த்து விறுவிறுத்து. பின்னால் சுப்பராயன், வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. கடைசியில் கமலம், இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே.

"வாங்கம்மா, வாங்கய்யா, வாங்க தம்பி" என்று கும்பிட்டாள் சொர்ணம். வேம்புலியும் கும்பிட்டார். பேசவில்லை.

கமலம் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. இன்னிக்குக் கை நனைக்கிறதா இல்ல. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்."

"அதுக்கென்னங்க, முறைதானே" என்றாள் சொர்ணம். முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது.

முறைதான். பேச்சு முடிந்து சம்மதம் என்று ஆன பிறகுதான் பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிட உட்காருவார்கள். அதுவரைக்கும் தண்ணீர், மிஞ்சினால் காபி. ஒரு வாய் கையால் எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அதனால் கேசரித் தட்டும் வடைத் தட்டும் மூடியபடியே உள்ளே இருந்தன.

காபி வந்தது. கமலம் அதையும் ஓரமாக வைத்தாள்.

சுப்பராயன் நல்ல மனுஷன். எதையாவது பேசி இறுக்கத்தைத் தளர்த்தப் பார்த்தார். "பூந்தமல்லி வழியா வந்தோம் சார். அங்க ஒரு தெரிஞ்சவரைப் பார்த்துட்டு. மெட்ரோ வேலைன்னு ரோட்டையே காணோம். ஒரே புழுதி."

"ஆமாங்க" என்றார் வேம்புலி.

"நீங்க வேலைக்கு வண்டியிலயா போறீங்க?"

"ஆமாங்க."

"கம்பெனி பக்கம்தானா?"

"பக்கத்துலதான் கீ... இருக்குங்க."

சிம்ரன் தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா இப்படித் திணறி அவள் பார்த்ததில்லை. கரண்டும் போய்விட்டது. வேம்புலியின் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"சட்டைக் கையை மடிச்சு விட்டுக்குங்க சார், நாங்க என்ன வெளியாளா?" என்றார் சுப்பராயன்.

வேம்புலியின் விரல் பொத்தானுக்குப் போனது. சொர்ணம் அவரைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை. விரல் திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று அவருக்கு அப்போதும் புரியவில்லை. அவள் வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான்.

கமலம் தொண்டையைக் கனைத்தாள்.

"சிம்ரன் வீடியோவெல்லாம் போடுதாமே. விஷ்ணு காட்டினான். ஏதோ சோத்துல டீ ஊத்தி..."

சொர்ணம் முந்திக்கொண்டாள். "அது... சும்மா விளையாட்டுக்குங்க. சின்னப் பிள்ளை."

"அதுல சாப்பிடறது யாரு?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. கமலத்தின் முகத்தில் ஏளனம் இருந்ததா, வெறும் ஆவலா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் சொர்ணத்தின் காதில் எழிலரசியின் சிரிப்பு கேட்டது. நாய்கூட மோந்து பாக்காது என்று எவனோ எழுதியது கண்ணில் வந்து நின்றது.

"அதுங்களா? அது பக்கத்து வீட்டு ஆளுங்க. எதைக் குடுத்தாலும் தின்னுவாரு. இவ வீடியோ எடுக்கறதுக்கு அவரைக் கூப்பிட்டுக்குவா."

சொல்லி முடித்துவிட்டாள். அழகாக, கீது, இன்னா எதுவும் கலக்காமல், இருக்குங்க வகைத் தமிழிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

சிம்ரன் வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். விஷ்ணு தரையைப் பார்த்தான். அவனுக்கு உண்மை தெரியும்.

வேம்புலி மெதுவாகத் தன் சட்டைக் கையைப் பார்த்தார். பொத்தானைப் பார்த்தார். பிறகு சொர்ணத்தைப் பார்த்தார். முழுக்கைச் சட்டை எந்த மரியாதைக்கு என்று இப்போது புரிந்துவிட்டது. வலது கையை மடியில் வைத்து அதன் மேல் இடது கையை வைத்துக்கொண்டார்.

கமலம் விடவில்லை. "கையில ஏதோ பேருகூட பச்சை குத்தியிருந்துச்சே. சொர்ணமோ என்னமோ. அவரு சம்சாரம் பேரா?"

"ஆ... ஆமாங்க. அவரு சம்சாரம் பேரு."

அட கடவுளே. ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு.

"அது சரி" என்று சுப்பராயன் இடையில் புகுந்தார். பேச்சை நல்லபடியாகத் திருப்புவதாக அவருக்கு நினைப்பு. "வந்ததுல இருந்து பேசிட்டிருக்கோம், உங்க பேரையே கேட்கலை பாருங்க. விஷ்ணு எப்பவும் சிம்ரன் அம்மா, சிம்ரன் அம்மாம்பான். உங்க பேரு என்னம்மா?"

சொர்ணம் தலையைக் குனிந்தாள்.

ஒரு மனுஷிக்கு அவள் பெயரைச் சொல்ல முடியாமல் போகுமா? போனது. தலையை நிமிர்த்த முடியவில்லை. தரை பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது. கமலத்தின் பார்வை தன் மேல் இருப்பது பார்க்காமலே தெரிந்தது.

"ராணிங்க" என்றது ஒரு குரல்.

வேம்புலி.

"எம் பொண்டாட்டி பேரு ராணிங்க. ஊட்ல... வீட்ல பாப்பா அம்மான்னுதான் கூப்புடுவோம். அதான் அவளுக்கே டக்குனு வாயில வரல." சிரிக்கவும் செய்தார். வலது கை மட்டும் இடது கைக்குக் கீழேயே இருந்தது.

அதே குரல்தான். சூப்பரா கீதும்மா, இன்னும் ஊத்து என்று இருட்டில் சொன்ன அதே குரல். அன்றைக்கு அவள் தெரியாமல் டீயை ஊற்றினாள், அவர் ரசம் என்று சொல்லித் தின்றார். இன்றைக்கு அவள் தெரிந்தே அவரை இல்லை என்றாள். அதையும் அவர் தின்றுகொண்டிருக்கிறார். கையில் அவள் பெயரைக் குத்திவைத்துக்கொண்டு, வாயால் எவளோ ஒரு ராணியின் பெயரைச் சொல்கிறார்.

வெட்கம் என்றால் இத்தனை நாள் எழிலரசி சிரித்தது என்று சொர்ணம் நினைத்திருந்தாள். அது ஒன்றுமே இல்லை.

"இல்லீங்க" என்றாள்.

"சொர்ணம்..." என்று வாய்தவறிக் கூப்பிட்டுவிட்டார் வேம்புலி. கூப்பிட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமாங்க, சொர்ணம். எம்பேரு சொர்ணம்தாங்க." எழுந்து போய் அவர் வலது கையைப் பிடித்தாள். அவர் விடவில்லை. "உடுய்யா" என்று இழுத்துப் பொத்தானைக் கழற்றினாள். தினமும் ஆயிரம் பொத்தானைச் சரிபார்க்கிற விரல்கள் இந்த ஒன்றைக் கழற்றத் தடுமாறின. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் ஏற்றிவிட்டாள். "டீச்சோறு துன்னது இந்தக் கைதாங்க. பக்கத்து ஊட்டு ஆளும் இல்ல, எதுத்த ஊட்டு ஆளும் இல்ல. எங்க ஊட்டு ஆளுதான். மொத மொத டீய ஊத்துனது நானு. ரசம்னு நெனச்சி ஊத்திட்டேன். என்னத் திட்டுவாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாம துன்னாருங்க இந்த மனுசன். அவரப் போயி..."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. சிம்ரன் அப்பாவைப் பார்த்தாள். டீச்சோற்றின் கதை அவளுக்கும் இன்றைக்குத்தான் தெரிகிறது. சிரிப்புக்காக அவள் ஊருக்குக் காட்டியது எது என்று இப்போதுதான் புரிகிறது. அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

சுப்பராயன் தர்மசங்கடத்தோடு மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "அப்ப... கிளம்பலாமா கமலம்?"

கமலம் எழுந்திருக்கவில்லை. வேம்புலியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த டீச்சோறு இப்ப இருக்கா?" என்று கேட்டாள்.

சொர்ணம் திகைத்துப் போனாள். சிம்ரன்தான் சுதாரித்து உள்ளே ஓடினாள். சோறு இருந்தது. ஃப்ளாஸ்கில் டீ இருந்தது. ஒரு கிண்ணத்தில் போட்டு, ஊற்றிப் பிசைந்து, ஓரத்தில் காராசேவு வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒரு ஸ்பூன் குடும்மா."

ஸ்பூன் வந்தது. கமலம் ஒரு வாய் வைத்தாள். மென்றாள். காராசேவு ஒன்றைக் கடித்தாள். இன்னொரு வாய் வைத்தாள். மூன்றாவதாக ஒரு வாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"தித்திப்பு கொஞ்சம் ஜாஸ்தி" என்றாள்.

சுப்பராயன் வாயைப் பிளந்துவிட்டார். "ஏன்டி, கை நனைக்க மாட்டோம்னு வாசல்லயே சொன்னது நீதானே?"

"கை எங்க நனைஞ்சுது? ஸ்பூன்தானே நனைஞ்சுது?"

சொல்லிவிட்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. விஷ்ணு திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

கார் போன பிறகும் சொர்ணம் வாசலிலேயே நின்றாள். உள்ளே போக வேண்டும். போனால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"ம்மா, ஸ்பூன்ல துன்னா கை நனைச்ச மாரியா, இல்லியா?" சிம்ரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"தெரியலடி."

வேம்புலி கூடத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சாதாரணமாக வெளியாட்கள் படி இறங்கியதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிற மனுஷன். இன்றைக்குக் கழற்றவில்லை. அவள் ஏற்றிவிட்ட கையை இறக்கி, பொத்தானையும் திரும்பப் போட்டிருந்தார்.

"யோவ்... மன்னிச்சிக்கய்யா."

"அத்த உடு. பாப்பா கல்யாணம் ஆவணும்னு சொல்லிட்ட. இன்னா இப்போ?" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சட்டையக் கழட்டேன், இப்டி வேத்துக்கினு கீதே."

"பரவால்ல. இப்டியே இருக்கேன்."

அவர் 'கீறேன்' என்று சொல்லவில்லை. காலையில் வாயில் நிற்காத சொல் இப்போது நின்றுவிட்டது. சொர்ணத்துக்கு அது முள்ளாகக் குத்தியது.

சமையற்கட்டுக்கு ஓடினாள். ஃப்ளாஸ்கில் மிச்சம் இருந்த டீயைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பால் காய்ச்சினாள். ஏலக்காய் தட்டிப் போட்டாள். காராசேவை அவருக்குப் பிடித்த எவர்சில்வர் தட்டின் ஓரத்தில் குவித்தாள். சுடச்சுடச் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்து, டீச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"ம்மா!" சிம்ரன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "விஷ்ணு மெசேஜ் போட்டுக்கிறான். அவங்கம்மா நாளைக்கு ஒன்னத் தனியா பாக்கணுமாம். எதுக்குன்னு சொல்ல மாட்டேங்கிறாங்களாம். ஒன் கம்பெனி வாசலுக்கே வராங்களாம்."

ஒரு மாதமாக எந்தப் பதிலுக்காகச் சொர்ணம் தூங்காமல் கிடந்தாளோ, அந்தப் பதில் நாளைக்கு அவள் கம்பெனி வாசலுக்கே வரப்போகிறது. அவள் போனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேம்புலி தட்டின் மேல் தன் உள்ளங்கையைக் குறுக்கே வைத்திருந்தார்.

"டீ வேணாம்மே."

"ஏன்யா? ஞாயித்துக்கெயமதானே?"

"ரசம் இருந்தா ஊத்து."

வீட்டில் ரசம் இல்லை. கல்யாணமான நாளில் இருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கடைசிப் பிடிக்கு ரசம் கேட்டதில்லை. சொர்ணம் சமையற்கட்டுக்குப் போனாள். புளியை வெந்நீரில் போட்டாள். மிளகும் சீரகமும் தட்டினாள். கண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கொதி வருவதற்குள் இறக்கி, தாளித்துக் கொட்டினாள். அதுவரைக்கும் அவர் ஆறிப்போன சோற்றின் முன்னால் உட்கார்ந்தே இருந்தார்.

ஊற்றினாள். பிசைந்தார். சட்டைக் கையின் ஓரம் ரசத்தில் நனைந்தது. அப்போதும் மடித்து விடவில்லை.

"ரசம் எப்டிய்யா கீது?" என்று கேட்டாள். அன்றைக்கு அவர் அம்மா கேட்ட கேள்வி என்று கேட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது.

வேம்புலி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். 'இன்னும் ஊத்து' என்று அவர் சொல்லவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போய்விட்டார்.